பேசக் கூடாத வேலை

சேர்ந்த அன்று டாக்டர் ரெஜினா சொன்னது ரெண்டே சங்கதி:
சோப்புப் போடாதீங்க.
வாயைத் திறக்காதீங்க.

விளாமுண்டிக் காட்டுக்குள்
பச்சை வலை போர்த்திய வேலி.
உள்ளே மூன்று மாதக் குட்டி.
பாதம் மட்டும்
வேறெதனிடமோ இரவல் வாங்கியதுபோல் பெரிசு.
கூட வந்த இன்னொன்று
பாலை முகராமல் நாலாம் நாள் போயிற்று.
விறகு அடுக்கி எரித்தோம், நானும் சடையனும்.
அப்போதும் பேசவில்லை.

தாய் எப்படிச் செத்தது?
ஃபைலில் இருக்கிறது: விஷம்.
வைத்தவர் யார் என்ற இடத்தில்
ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்குப் பேர் ராக்கியப்பன்.
என் அண்ணன்.
ஏழு மாதச் சினைமாட்டுக்குப் பதில்
கட்டுத்தரையில் அறுந்த கயிறு கிடந்த காலை,
இழுத்த தடம் பிடித்துப் போனான்.
பாதி தின்ற மாட்டின்மேல்
வாழைக்கு வாங்கிய குருணையைத் தூவி வந்தான்.
கழுவக் கழுவ நகக்கண்ணில் ஊதா.
நான்தான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன்.

முக்கால் கிலோ, ஒன்றரை, நாலு, ஆறு.
மான் புழுக்கை தேய்த்த சாக்கைத்
தலைவரை போர்த்திக்கொண்டு
கப்பியில் கறியை இறக்குவேன்.
கை என்று ஒன்று தீனி போடுகிறதென
அது அறியக் கூடாது.
மேலேயிருந்து வரும், மழை மாதிரி.

பேர் வைக்கக் கூடாது. வைக்கவில்லை.
மகளுக்குக் காய்ச்சல் என்றால் ‘கண்ணு’ என்கிறேனே,
அந்த ஒரு சொல்லை
வலைக்கு இந்தப் பக்கம்
எத்தனை தரம் எச்சிலோடு விழுங்கியிருப்பேன்.

முள்ளம்பன்றி முள்ளேறி
மூன்று காலில் நின்ற வாரம்
மயக்க ஊசி போட்டுப் பிடித்தோம்.
என் உள்ளங்கையின் கீழ் அதன் அடிவயிறு,
அப்போதுதான் கறந்த பால்சொம்பின் சூடு.
கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள்.
நல்லவேளை.

முதல் காட்டுப்பன்றியை உள்ளே விட்டபோது
பயந்து தொட்டித் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது.
கேமராவில் பார்த்து ரேஞ்சர் சிரித்தார்.
எனக்கு ராத்திரியெல்லாம் வெசனம்.
ஏழாவது பன்றிக்குக்
கத்த நேரமிருக்கவில்லை.

ரெண்டு வருசம்.
கழுத்தில் பட்டை கட்டி
மாயாற்றங்கரையில் கூண்டைத் திறந்தார்கள்.
திரும்பிப் பார்க்குமா என்று சடையனிடம் பந்தயம்.
தோற்றவன் நான்.

பதினெட்டாம் நாள் சிக்னல் தெற்கே இறங்கியது.
ஓடை, அகழி,
சோலார் வேலி விழுந்துகிடந்த சந்து,
மக்காச்சோளம்.
சாளைக்கு நாற்பதடியில் நின்றது.
யாருடைய சாளை என்று
எந்த ஆன்டெனாவும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் டார்ச்சோடு நின்றான்.
வெளிச்சம் நடுங்கியது.
புதுக் கிடாரி ஒன்று முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி
கயிற்றைத் தின்றுகொண்டிருந்தது.
“மருந்து வைக்கல. அம்மா சத்தியமா வைக்கல”
என்றான், நான் கேட்காமலே.

தட்டைகளின் நடுவே ரெண்டு கண்.
சாக்கில்லாமல் நிற்கிறேன்,
சோப்பு மணக்கிறது,
நான் கையும் காலும் உள்ள ஆள்.
அது ஓடவில்லை.
கறி வருமென்று
மேலே பார்த்ததோ,
இல்லை எனக்கு அப்படித் தோன்றியதோ.

பட்டாசு நமுத்துப் போயிருந்தது.
வாயைத் திறந்தேன்.
அத்தனை நாள் விழுங்கியதெல்லாம்
ஒன்றாய்த் திரண்டு வந்த சத்தம்:
“போ!”

தகர டப்பாவை அடித்தேன்.
“போ! போ!”
கல்லெடுத்தேன், எறிந்தேன்,
பட்டதா என்று பார்க்கவில்லை.
சோளம் வடக்கே சரிந்துகொண்டே போய்
அகழிக்கு அப்பால் காடாயிற்று.

தொண்டையில் ரத்த ருசி.
அண்ணன் டார்ச்சை அணைத்தான்.
“உன்னையத் தெரிஞ்சுதாடா அதுக்கு?”
“இல்ல.”
கிடாரியின் கயிற்றை முறுக்குவதும் பிரிப்பதுமாய்
சித்த நேரம் நின்றான்.
“என்னையத் தெரியாதல்ல?”