எதுன்னாலும் சரி

இரண்டு கையையும் நீட்டினால்
இரண்டு சுவரும் தட்டுப்படும் அடுப்படி.
ஜெலுத்தோங், எட்டாவது மாடி.
முன்பிருந்த சீனக் குடும்பம் விட்டுப்போனவை:
நியாத்தோ மரத்தில் ஒன்பது அலமாரிக் கதவுகள்,
அடுப்புக்கு மேலே
அவர்களுடைய அடுப்புச்சாமி இருந்த இடத்தில்
புகை படியாத ஒரு நீள்சதுரம்.

மரத்தில் கைவைக்கக் கூடாது என்பதில்
எங்களுக்குள் சண்டையில்லை.
கடன் இன்னும் இருபத்தெட்டு வருஷம்.
கதவுகள் அதைத் தாண்டியும் உழைக்கும்.
சுவர்தான் பாக்கி.

சாயக்கடைத் தியோங் அங்கிள்
சீட்டுக்கட்டாய் விசிறினார் நிற அட்டையை.
வெள்ளையிலேயே பதினேழு:
தந்தம், முட்டை ஓடு, நனைந்த மணல்.
வெள்ளை என்று மட்டும் எதற்கும் பெயரில்லை.
நான் ஒரு பச்சையில் நின்றேன்.
பாண்டான் இலையைக் கசக்கித்
தேங்காய்ப்பாலில் விட்ட பச்சையல்ல,
அதே இலையின் மறுநாள் பச்சை.
"சந்தெக் லா" என்றார் அங்கிள். விற்கிறவர்.
புவனேந்திரனைப் பார்த்தேன்.
"எதுன்னாலும் சரி."

எட்டு வருஷமாய் இந்த இரண்டு சொல்.
முகூர்த்தப் புடவைக்கு,
சோபா உறைக்கு,
மகளின் பாலர்பள்ளிப் பைக்கு.
எதிலும் ஒட்டாத மனுஷன் என்று
எத்தனை ராத்திரி சுவர் பார்த்துப் படுத்திருக்கிறேன்.

மூன்று சாம்பிள் டப்பா.
அலமாரியை ஒட்டி
உள்ளங்கை அகலத்தில் மூன்று பட்டை.
காலை வெயிலில் ஒன்று, குழல்விளக்கில் வேறொன்று,
எதிர் பிளாக்கில் துணி காயாத மழைநாளில் இன்னொன்று என்று
நிறங்கள் ஷிப்டு மாறின.
நான்காம் நாள் கேட்டேன்,
அந்தப் பச்சை எப்படி?
"எங்க?"
அலமாரிக்குப் பக்கத்துல.
"அது அலமாரிதானே."

பக்கத்து வீட்டில் பிளாச்சான் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அரிசி டின் மேல் உட்கார்ந்து
சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.
பதினெட்டு வயதில் வயர்மேன் படிப்பு, முதல் வாரம்,
புள்ளி புள்ளியாய் ஒரு புத்தகத்தைத் திறந்து
எண்ணைப் படி என்றார்களாம்.
எண்ணே இல்லாத பக்கத்தைப்
பின்னால் நின்ற பையன் படித்தான்: நாற்பத்தைந்து.
அன்றே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியாயிற்று.
சிக்னலில் மேலே எரிந்தால் நிற்கணும், கீழே எரிந்தால் போகணும்.
ரம்புத்தான் பழுத்ததா என்று கடைக்காரருக்குத் தெரியும்.
அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை,
நீ கேட்க ஆரம்பிக்கிறவரைக்கும்.

கோபம்தான் வந்தது முதலில்.
அதை மூடிவைக்கப் பாத்திரம் கிடைக்காமல்
என் பச்சைப் பட்டு, அதுவும் அலமாரியா என்று
கேட்கக் கூடாததைக் கேட்டேன்.
"ஜரிகை தெரிஞ்சது" என்றார்.

மறுநாள் ஒரு கதவையே கழற்றி
மோட்டார்சைக்கிளில் மடியில் வைத்துப் போனோம்.
இந்தமுறை நான் வாய் திறக்கவில்லை.
கதவின் ஓரத்தில் சதுரம் சதுரமாய் வைத்துப் பார்த்தார்.
தெரியல. தெரியல. கொஞ்சம்.
தெரியல.
தியோங் அங்கிள் கல்லாவை விட்டு வந்து
ஏதும் கேட்காமல் விளக்கைத் திருப்பிப் பிடித்தார்.

ஒரு வெளிர் நீலம்.
எனக்கு அது ஆஸ்பத்திரித் திரை.
அவர் கை அதில் நின்றது.
"இதுல மரம் தனியா நிக்குது."

ஐந்து லிட்டர், நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்.

இரண்டு பூச்சு பூசியும்
சாயங்கால வெயிலில் எழும்பி வருகிறது
சாமியின் நீள்சதுரம்; இருந்துவிட்டுப் போகட்டும்.
திறந்து கிடக்கும் கதவில்
அவர் தலை இப்போது இடிப்பதில்லை.
எட்டு வருஷமும் அதைக் கவனக்குறைவு என்றிருந்தேன்.

பச்சைப் பட்டையைப் பூசி அழிக்கவில்லை,
ஐஸ்பெட்டியை அதன்மேல் நகர்த்திவிட்டேன்.
பெருக்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்வேன்.
ஒருநாள் அவரிடம் சொன்னேன்.
கன்னத்தைச் சுவரில் வைத்து, ஒரு கண்ணை மூடி,
நெடுநேரம் பார்த்தார்.
"ஒண்ணுமில்லையே" என்றார்,
விளையாட்டுக்கா என்று
முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.