எதிர்ப்பக்கம்

பழைய செயலியில் பணம் போதாவிட்டால்
திரை முழுக்கச் சிவக்கும்.
கூடவே ஓர் உறுமல்.
மேசைமேல் வைத்திருந்தால் மேசையும் சேர்ந்து உறுமும்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், பயன்கொஷூவில்,
தெல்கெர்மாவின் கடையில்
மூன்று நாள் ஓரமாக நின்று குறிப்பெடுத்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கையுறையைப் பல்லால் கழற்றி
விரலை ஊதி ஊதித் தொடுகிறார்கள்.
பொத்தான்கள் சின்னவை என்று எழுதினேன்.
கியூஆர் அட்டையில் கொழுப்புப் பிசுக்கு என்று எழுதினேன்.

இரண்டாம் நாள் மாலை
ஒத்கோன் என்கிற இளைஞன்,
கையில் பால்மா டப்பா, அக்குளில் ஒரு கட்டு டயப்பர்.
ஐம்பத்தெட்டாயிரம் துக்ரிக்.
சிவந்தது.
பின்னால் நின்ற ஏழு பேர் கன்னத்திலும்
அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சம் விழுந்தது.
அவன் காதும் சிவந்திருந்தது.
குளிரால் என்று நான் எழுதவில்லை.

அலுவலகம் திரும்பி முதலில் சிவப்பை எடுத்தேன்.
பிறகு உறுமலை.
பணம் போய்ச் சேர்ந்தால்
உள்ளங்கை அளவு பச்சைக் குறி,
கடைக்காரர் பார்க்க வாகாக, வாங்குபவருக்குத் தலைகீழாக.
போகாவிட்டால்
சாம்பல் நிறத்தில் ஒரே வரி,
கைபேசியைப் பிடித்திருப்பவர் கண்ணுக்கு மட்டும்.
'இதன் பலனை எப்படி அளப்பாய்?' என்றார் செந்த்.
'குனியாத தலைகளை எண்ணுவேன்' என்றேன்.
அந்த வாக்கியத்தை வீட்டிலேயே தயாரித்து வைத்திருந்தேன்.

மார்ச்சில் மறுபடி மேடேறினேன்.
வரிசை மளமளவென்று நகர்ந்தது.
தெல்கெர்மா முட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

'முன்னே என்றால் சிவந்ததும் தெரிந்துவிடும்.
எடுத்துப் போ, வெள்ளிக்கிழமை கொடு என்பேன்.
இப்போது ஏதோ மறந்துவிட்டவன் மாதிரி
பால்மாவைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப்
போய்விடுகிறான் அந்தப் பையன்.
போன வாரம் இரண்டு தடவை.
கடை சாத்தும்போதுதான் கண்டுபிடிக்கிறேன்,
டப்பா தலைகீழாக நிற்பதைப் பார்த்து.'

குறையாக இல்லை, முட்டை உடைந்திருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

பதில் இல்லாததால் ஒரு ரொட்டி வாங்கினேன்.
கைபேசியை எடுத்தால் குளிர் பேட்டரியைத் தின்றிருந்தது.
சிவப்புமில்லை, சாம்பலுமில்லை, வெறும் கறுப்பு.
நான் சட்டைப்பைகளைத் தடவத் தொடங்குமுன்
அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து
முனை மழுங்கிய நோட்டை இழுத்துப் போட்டாள்.
பெயர் கேட்கவில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:
செயலிக்காரி. ரொட்டி ஒன்று.

எதிர்ப்பக்கம் நின்றிருந்ததால்
அதை நான்
தலைகீழாகத்தான் வாசித்தேன்.