எட்டாம் இலக்க ட்ராம்

மச்சாளின் கடவுச்சீட்டில்
இருபத்தொரு நாள் ஒட்டியிருக்கிறது.
ஒருமுறை நுழையலாம்.
நுழைந்தபின் பக்கத்து நாடுகளுக்கும் போய்வரலாம்.
முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்புறுதி,
ஆறு மாத வங்கிக் கணக்கு,
திரும்பி வருவா என்று
பருத்தித்துறைப் பள்ளிக்கூட அதிபரின் கடிதம்.
பிணை நின்றவர் என் முதலாளி.
என் கையெழுத்துக்கு அந்த வலு இல்லையாம்.

பதினோராம் நாள்,
பாசல் கடையில் வெண்டிக்காய் விலையைப் பார்த்துவிட்டு
"ஜெர்மனியில பாதிவிலையாமே, வாரும்" என்றா.
நாலு வெறும் பைகளோடு ஏறினோம்.
ரைன் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது.

கிளைன்ஹ்யூனிங்கனில் நான் இறங்கினேன்.
"வந்திட்டுதோ?"
"இல்லை, நீங்கள் இருங்கோ.
உங்களுக்கு இன்னும் இருக்கு."
கதவு மூடியபோதும்
அவவுக்கு விளங்கவில்லை.

இங்கே எனக்குப் பன்னிரண்டு வருடம்.
அட்டையில் எஃப் என்று ஓர் எழுத்து.
அங்கே போக ஒரு தாள்,
திரும்பி வர இன்னொரு தாள்,
இரண்டுக்கும் காரணம் எழுதவேணும்.
வெண்டிக்காய் என்று எழுத ஏலுமா?

தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருந்தேன்.
கம்பியும் இல்லை, காவலும் இல்லை.
ஒரு நாய் தன் ஆளை இழுத்துக்கொண்டு
ஜெர்மனிப் பக்கம் போய்
ஒரு கம்பத்தை நனைத்துவிட்டு
வந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து மச்சாள் இறங்கினா.
பைகளில் உருளைக்கிழங்கு, பால்மா, சவர்க்காரம்.
ஒன்றும் கேட்கவில்லை.
பாரமான பையைத் தானே வைத்துக்கொண்டு
"அங்கயும் இதே மழைதான்" என்றா.

மடித்த குடையில் ஒரு சொட்டு ஈரமில்லை.
வாங்கிக்கொண்டேன்,
குடையையும்.