டோக்கன் எண்பத்தேழு

வியாழன் இரவு அதற்குத் தீனி.
உள்கூட்டை உருவி, கம்பளித் துண்டை நெம்பி,
பஞ்சு கனக்கும்வரை எண்ணெய் விடுவேன்.
துடைத்து, கொஞ்சம் ஆறவிட வேண்டும்;
அவசரப்பட்டால் விரலும் பற்றும்.
ஒருமுறை பற்றியது.

ஃபஹாஹீலின் ஆகஸ்டில்
கொளுத்தாமலே காலியாகிவிடும்.
நாலாம் நாள் சக்கரத்தைச் சுழற்றினால்
வெறும் பொறி.
"சிகரெட்டை விட்டே ரெண்டு வருஷம்,
இது யாருக்குடா?" என்பார்
கீழ்க்கட்டில் சவரிராயன்.

ஆலை வாசலில் தட்டில் போட்டால்
தில்பகதூர் எண்பத்தேழாம் டோக்கனை நீட்டுவார்.
எண்ணெய் இருக்கும் இடத்தில்
நெருப்புக்கு அனுமதியில்லை.
விமானத்திலும் இல்லை.
எங்கள் அறையில்
பதினோரு வருடமாக லீவில் போகாத
ஒரே ஆள் அதுதான்.

போகும்போதெல்லாம்
சவரிராயனிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.
முனகிக்கொண்டே வாங்குவார்.
இம்முறை திரும்பியபோது
கீழ்க்கட்டிலில் வேறு பெட்ஷீட்.
விசா ரத்தாகி, மூன்று நாளில் கிளப்பிவிட்டார்களாம்.

என் தலையணை உறைக்குள் இருந்தது லைட்டர்,
எலும்பாய்க் காய்ந்து.
எண்ணெய் விடத் திறந்தேன்.
அவசரத்துக்கென்று கம்பளிக்கடியில்
எப்போதும் ஒரு கல் செருகிவைப்பேன்.

இரண்டு இருந்தன.