ஒரே எழுத்து

தோவாளை தாண்டியும் பேச்சில்லை.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு மட்டும்.
ஆரல்வாய்மொழியில்
ஆனிக்காற்று பைக்கைச் சாய்த்தது.
காற்றாலைகள் சுற்றோ சுற்று.

பின்னாலிருந்து பெல்சி ஏதோ சொன்னாள்.
அதே நொடி, பிடரியில்
பொட்டென்று காற்று.
'பாவம்' என்று விழுந்தது காதில்.
உதட்டில் வெடித்து,
ஊதிவிட்டதுபோல் ஒரு பாவம்.
ஆக்ஸிலேட்டரில் கை தளர்ந்தது.
சண்டை முடிந்ததென்று
முப்பந்தல் வரை நம்பி ஓட்டினேன்.

டீக்கடையில் சிரித்தாள்.
"பாவமா, நீயா?
மூஞ்சில என்னா ஒரு பாவம்னுல்லா சொன்னேன்."

இன்னொருக்கா சொல்லு என்று
தொண்டையில் விரல் வைத்தேன்.
சொல்லுக்கு முன்பே அதிர்ந்தது.
டீக்கடைக்காரர் வேறெங்கோ பார்த்தார்.

எழுதினால் ரெண்டும் ஒண்ணுதானே என்றேன்.
"எழுதவா செஞ்சேன்?"

கிளம்பும்போது
காலரை
இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டேன்.