முப்பத்தொன்றரை

இந்த வருஷம் நாற்பது புத்தகம் என்று
ஜனவரியில் டைரியில் எழுதியது நான்தான்.
நவம்பர் ஆகிவிட்டது. முப்பத்தொன்று.

காலை ஏழேகால் ஏற்காடு பஸ்.
அடிவாரம் வரை ஓர் அத்தியாயம் ஓடும்.
பிறகு வளைவுக்கு ஒரு பக்கம்,
குமட்டினால் ஒரு புளிப்பு மிட்டாய்.

கதையில் ஒருத்தி
தன் வீட்டுப் பூட்டைத் தானே மாற்றிவிட்டு
மறந்துபோகிறாள்.
மறந்ததாகச் சொல்கிறாள்.
எட்டாவது கொண்டை ஊசியில், கண்ணாடியில் பனி அப்பியபோது,
அறுபத்தோராம் பக்க ஓரத்தில் பென்சிலில் யாரோ:
‘புருஷன்தான். மேலே படிக்காதே.’

அஸ்தம்பட்டி நூலகத்தில்
எனக்கு முன்னால் இதை எடுத்தது யார்?
ஒட்டிய தாளில் தேதிகள் மட்டும். பெயரில்லை.

அன்று பாங்க் கவுன்ட்டரில்
பணத்தைவிடக் கையெழுத்தைத்தான் உற்றுப் பார்த்தேன்.
எஸ்டேட் மேஸ்திரி ஜெபமாலை
காதில் பென்சில் செருகியிருந்தார்.
அவர் சலானில் ‘ன்’னுக்குச் சுழி பெரிது.
நூலகர் குணவதி ‘ப’வைப் பெட்டி மாதிரி போடுவார்.
ராத்திரி, கந்தவேல் எழுதிய மளிகைச் சீட்டை
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன்.
“என்ன, விலை தப்பா?”
“இல்லை.”
பதினாறு வருஷத்தில் முதல்முறையாக
அவர் ‘ரு’வைக் கவனித்தேன்.

வியாழக்கிழமை இருபதாவது வளைவில்
கதை முடிந்தது, அல்லது முடியவில்லை:
கடைசித் தாளைக் காணோம்.
தையலோரம் ஒரு கிழிசல்.

டைரியில் முப்பத்தொன்றரை என்று போட்டேன்.
திருப்பிக் கொடுக்குமுன்
அறுபத்தொன்றில், அந்த வரிக்குக் கீழே
‘இல்லை, அவளேதான்’ என்று எழுதினேன்,
இடது கையால்.