நாட்கூலி

பத்தொன்பது வருடம் ஒரே காகித ஆலை.
பேரிங்குகளின் முனகலைக் கேட்பது என் வேலை.
எந்த உருளை எத்தனை வாரம் தாங்கும் என்று
இரும்புக் கம்பியைக் காதில் வைத்துச் சொல்லிவிடுவேன்.

யாரும் என்னை வெளியேற்றவில்லை.
வியாழக்கிழமை, கேன்டீனில் வழக்கம்போல் பட்டாணி சூப்.
மனம் சும்மா இருக்காமல் கணக்குப் போட்டது:
இது தொள்ளாயிரத்துச் சொச்சமாவது தட்டு.
ஸ்பூனை வைத்தேன்.
எழுந்துபோய்க் கடிதம் கொடுத்தேன்.

தம்பெரேயில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
சவுனாவை ஒட்டிய உடைமாற்றும் அறையில்
துண்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே மேசை போட்டேன்.
சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்
கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போகவேண்டும்.
குடும்பம் வியர்க்க வருகிறது.

'நிறுவனத்தில் எத்தனை பேர்?'
வரிப் படிவம் கேட்டது.
ஒன்று என்று எழுதி,
அதன்மேலேயே இன்னொருமுறை எழுதித்
தடிமனாக்கினேன்.

"பில் எண்ணை ஒன்றில் தொடங்காதே," என்றான் தோர்ஸ்தி,
எனக்கு முன்பே இந்தக் குளத்தில் குதித்தவன்.
"நானூற்றுப் பன்னிரண்டு என்று போடு.
யாருக்கும் முதல் போணியாக இருக்கப் பிடிக்காது."

முதல் போன், வடக்கே ஒரு அட்டை மில்லிலிருந்து.
"ஒரு நாளைக்கு எவ்வளவு?"
சம்பளம் பதினைந்தாம் தேதி தானாக வந்து
வங்கியில் உட்கார்ந்துகொள்ளும்;
அதை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.
கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்:
தொகையைச் சொல். வாயை மூடு.
சொன்னேன். மூடினேன்.

மறுமுனையில் மௌனம்.
இந்த நாட்டில் மௌனம் ஓசி.
பஸ்ஸில், லிப்டில், கல்யாண வீட்டில்கூட
வேண்டியமட்டும் கிடைக்கும்.
இந்த ஒன்றுக்குத்தான் வட்டி ஏறியது.
ஐம்பது குறைக்கலாம். நூறு குறைக்கலாம்.
பெட்ரோல் காசு வேண்டாம் எனலாம்.
நாக்கு நுனிவரை வந்த தள்ளுபடியைக்
கடித்துப் பிடித்துக்கொண்டேன்.
"மன்னிக்கணும், பேனா தேடினேன்," என்றார்.
"மறுபடி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."
மறுபடி சொன்னபோது
எண்பது யூரோ கூடியிருந்தது.
எப்படி என்று எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஜனவரி.
மாதம் முழுக்க ஒரு அழைப்பும் இல்லை.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
காய்ச்சல் வந்த நாளில்
எனக்கு நானே லீவு மறுத்தேன்.
தைஸ்தோ எதுவும் கேட்கவில்லை;
மலிவான காப்பித்தூள் வாங்க ஆரம்பித்தான்.
நானும் எதுவும் சொல்லவில்லை.
குடித்தேன்.

மார்ச்சில் கூப்பிட்டது பழைய ஆலை.
வாசலில் புதுப் பையன்.
"பெயர்?"
"இர்மெலி வூரெலா."
"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்."
சட்டையில் 'வருகையாளர்' என்று ஒட்டினான்.
"யாரைப் பார்க்கணும்?"
"மூன்றாம் எண் இயந்திரத்தை."

கம்பியைக் காதில் வைத்தேன்.
உள்ளே தவிட்டை அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு.
இடப்பக்கம் நான்காவது உருளை, ஆறு வாரம் தாங்காது என்றேன்.
இரண்டு வருடத்துக்கு முன்னால்
இதே உருளையைப் பற்றி, இதே மேலாளரிடம்,
மாதச் சம்பளத்தில் சொன்னேன். தலையாட்டினார்.
இன்று குறிப்பெடுக்கிறார்.
'இடப்பக்கம்' என்பதன் கீழே
இரண்டு கோடு.

மதியம். வியாழக்கிழமை.
கல்லாவில் அய்ரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்,
சட்டையில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள்.
"வெளியாட்களுக்குப் பதினோரு யூரோ," என்றாள்
கொஞ்சம் கூச்சத்தோடு.
கொடுத்தேன். ரசீது கேட்டு வாங்கி
நான்காய் மடித்துப் பையில் வைத்தேன்.
உப்பு அதே உப்பு.
செலவுக் கணக்கில்
முதல் தட்டு.